சுண்ணாம்பு தெறித்த ஸ்னேர்: அலுமினிய டிரம்முக்குப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர எந்த வழி?

டிசம்பர் முதல் வாரம். எங்கள் பகுதித் தேவாலயத்தின் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பையன், அடியில் சலசலக்கும் கம்பிகள் கட்டிய ஸ்னேர் டிரம் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோவிலுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். டிரம்ஸை மூடிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. டிரம்மின் உருளை உடம்பான ஷெல் முழுக்கச் சுண்ணாம்புத் துளி. அதைப் பார்த்து மனசு கேட்காத யாரோ ஒரு நல்ல மனிதர், சலவை சோடாவைக் குழைத்து ஒரு பக்கம் பூசி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கம்பிநாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாதி தேய்த்ததும் கை வலித்திருக்க வேண்டும். தேய்த்த பாதி கீறலோடு வெள்ளை வெளேரென்று இருக்கிறது, நடுநடுவே சாக்கட்டி தடவியதுபோல் திட்டுகள். தேய்க்காத பாதி பழைய வெள்ளிச் சாம்பல் நிறத்தில், சுண்ணாம்புப் பொட்டுகளோடு அப்படியே இருக்கிறது.

"மொத்தத்தையும் பாலிஷ் போட்டுடலாமா அண்ணே? கண்ணாடி மாதிரி ஆயிடும்ல?"

"ஆகும் தம்பி. ஆனா அது வேற டிரம் ஆயிடும்."

அவனுக்கு அன்று சொன்னதும், ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் ஓடியதால் சொல்லாமல் விட்டதும்தான் இந்தக் கட்டுரை. நான் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். பழைய டிரம்களைச் சரிசெய்வது பக்கத்தொழில். அலுமினியத்தில் நானே கெடுத்தவையும் சில உண்டு.

அலுமினியத்துக்கு எந்தப் பாலிஷ் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: உங்கள் கண்ணுக்குத் தெரிவது அலுமினியம்தானா?

வெறும் அலுமினியத்தைக் காற்று பட விட்டாலே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று படிந்துவிடும். சில நானோமீட்டர் கனம், அவ்வளவுதான். இரும்புத் துரு மாதிரி உதிராமல் அது உலோகத்தைக் காக்கும். இதே தோலை அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி ஆயிரக்கணக்கான மடங்கு தடிமனாக வளர்ப்பதுதான் அனோடைசிங். 5 முதல் 25 மைக்ரான் வரை வளர்ப்பார்கள். மாணிக்கமும் நீலக்கல்லும் இதே அலுமினிய ஆக்சைடின் படிகங்கள்தான். எமரித் தாளில் இருக்கும் கரடும் பெரும்பாலும் அதுவே. அந்தச் சாதிப் பொருள் உடம்பெல்லாம் போர்த்திய டிரம்மைத் துணியும் பசையும் கொண்டு தேய்த்தால் தேய்வது உங்கள் கைதான்.

மூன்றாவது வகை குரோம் பூசிய அலுமினியம். நான்காவது, மேலே தெளிந்த லாக்கர் அடித்தது. கடையில் விளக்கு வெளிச்சத்தில் நான்கும் பளபளவென்றுதான் இருக்கும்; அழுக்கேறியபின் நான்கும் மங்கலாகத்தான் இருக்கும். இடையில் என்ன செய்யலாம் என்பதுதான் வகைக்கு வகை மாறுகிறது.

டிரம் உலகில் இதற்கு நல்ல உதாரணம் சிகாகோவின் லுட்விக் கம்பெனி. 1960களின் தொடக்கத்திலிருந்து ஒரே மாதிரியான அலுமினிய ஷெல்லுக்கு இரண்டு உடுப்பு போட்டு விற்றார்கள். அனோடைஸ் செய்து, எட்டு லக் (இறுக்கும் திருகுகள் மாட்ட ஷெல்லின்மேல் பொருத்திய பிடிகள்) வைத்து, மாணவர்களுக்கென்று விற்றது அக்ரோலைட். குரோம் பூசி, பத்து லக் வைத்து விற்றது சுப்ரஃபோனிக். லெட் செப்பலினின் ஜான் பொன்ஹாம் வாசித்தது ஆறரை அங்குல ஆழமுள்ள சுப்ரஃபோனிக். உள்ளே இருக்கும் உலோகம் ஒன்றுதான், ஆனால் அறுபது வருஷம் கழித்து இரண்டும் வேறு வேறு விதமாக மூப்படைகின்றன. பையன் கொண்டுவந்தது அக்ரோலைட். வெளிநாட்டில் இருக்கும் சபை உறுப்பினர் ஒருவர் கொடுத்தது.

எது எது என்று கண்டுபிடிக்க, ஒரு லக்கைக் கழற்றி அதன் அடியில் மறைந்திருக்கும் இடத்தில் சோதனை செய்யுங்கள். தப்பானாலும் லக் மூடிவிடும். பஞ்சில் துளி தின்னர் தொட்டுத் தேயுங்கள், பிசுபிசுத்தால் லாக்கர். இல்லையென்றால் மல்டிமீட்டரை 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் குத்தாமல், மெதுவாகப் படியவிடுங்கள். அனோடைஸ் தோல் மின்சாரத்தைக் கடத்தாது, மீட்டர் ஊமையாக இருக்கும். வெறும் அலுமினியமும் குரோமும் பீப் அடிக்கும். அந்த இரண்டையும் பிரிக்க, துணியில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் எடுத்து நாலு தேய் தேயுங்கள். துணி உடனே கரிபோல் கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்காமல், லேசான நீலச் சாயலோடு மின்னினால் குரோம்.

பையனின் டிரம்மில் தேய்க்காத பக்கம் மீட்டர் ஊமை. கம்பிநார் பட்ட பக்கத்தில் நாலைந்து இடத்தில் பீப். அங்கெல்லாம் தோல் போய்விட்டது என்று அர்த்தம். அது திரும்ப வராது. சுண்ணாம்பும் சலவை சோடாவும் காரப் பொருள்கள். அலுமினிய ஆக்சைடு பி.எச் 4க்கும் எட்டரைக்கும் இடையில்தான் நிம்மதியாக இருக்கும். அதைத் தாண்டிக் காரம் ஏறினால் கரையத் தொடங்கிவிடும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் அனோடைஸ் செய்த ஜன்னல் சட்டத்தின்மேல் சிமென்ட் தெறித்து வெள்ளைத் தழும்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

தோல் போன அனோடைஸ் டிரம்முக்கு என்னென்ன வழி

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஷாம்பூ இரண்டு சொட்டு, மெல்லிய பருத்தித் துணி. காய்ந்ததும் கார்களுக்குப் போடும் கார்னூபா மெழுகு இரண்டு கோட். சுண்ணாம்புத் தழும்பின் வெண்மை மெழுகு பட்டதும் கொஞ்சம் அடங்கும். ஈரத் துணி எப்படி அடர்ந்த நிறமாகத் தெரிகிறதோ அதே காரணம்தான். முற்றிலும் மறையாது, பத்தடி தூரத்திலிருந்து கண்ணை உறுத்தாது. சாதாரண அழுக்கு, சிகரெட் புகைக் கறை, பழைய ஸ்டிக்கர் பிசின் ஏறிய அனோடைஸ் டிரம்முக்கு இதுவே முழு மருந்து. மங்கிவிட்டது என்று என்னிடம் வந்த அனோடைஸ் ஷெல்களில் பாதிக்குமேல் மங்கவே இல்லை, குளிக்காமல் இருந்தன.

இரண்டாவது, அனோடைஸ் தோலின் மேலேயே பாலிஷ் போடுவது. இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள், எனக்கு இதில் நம்பிக்கையே கிடையாது. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது. விடாப்பிடியாகத் தேய்த்தால், ஷெல்லின் நடுவில் ஓடும் வரம்பின் முகட்டிலும் ஓரங்களிலும் தோல் முதலில் தேய்ந்து கிழியும். அங்கே மட்டும் வெள்ளியாக மின்னும், மற்ற இடம் சாம்பலாகவே இருக்கும். வழுக்கைத் தலையில் எண்ணெய் தடவிய மாதிரி.

மூன்றாவது, மிச்சத் தோலையும் மொத்தமாக உரித்துவிட்டு, அடியில் இருக்கும் அலுமினியத்தைக் கண்ணாடியாகத் தீட்டுவது. பையன் கேட்டது இதைத்தான். உரிப்பதற்குக் காஸ்டிக் சோடாக் கரைசல் வேண்டும். கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கும் பவுடரில் இருப்பது அதுதான். அலுமினியத்தில் பட்டதும் நுரைத்துப் பொங்கும், சூடேறும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். தோல் கரைந்ததும் அது நிற்காது, உலோகத்தைத் தின்னத் தொடங்கும். எப்போது வெளியே எடுப்பது என்பது பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து நான் ஒருமுறை செய்தேன். இரண்டு நிமிஷம் அதிகமாகிவிட்டது. ஷெல் கறுத்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகி, அதைச் சமப்படுத்தவே ஒரு வாரம் போனது. கண்ணில் தெறித்திருந்தால் கதை இன்னும் மோசம். வீட்டில் வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அக்ரோலைட்டின் அழகு அதன் உடம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய தூரிகைக் கோடுகள். அவை உலோகத்தில் போடப்பட்டவை. கண்ணாடிபோல் தெளிந்த ஆக்சைடு தோல் அவற்றின்மேல் படிந்திருக்கிறது. காஸ்டிக்கில் முக்கினால் கோடுகள் மழுங்கும், கண்ணாடிப் பாலிஷில் அறவே அழியும். அதனால்தான் அது வேற டிரம் ஆயிடும் என்று சொன்னேன்.

நான்காவது, தொழிற்சாலையில் கொடுத்து உரித்து, மறுபடி கோடு போட்டு, மறுபடி அனோடைஸ் செய்வது. அம்பத்தூர், கிண்டி மாதிரித் தொழிற்பேட்டைகளில் இந்த வேலை செய்யும் சிறு பட்டறைகள் உண்டு. காஸ்டிக்கில் உரிப்பது, மேலே படியும் கறுப்பை நைட்ரிக் அமிலத்தில் எடுப்பது, கந்தக அமிலத் தொட்டியில் 15 வோல்ட் அளவில் தோலை வளர்ப்பது, கடைசியில் கொதிநீரில் போட்டு அதன் நுண்துளைகளை மூடுவது எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. விளைவு பிரமாதமாக இருக்கும். புதுசுபோல் என்று சொல்லத் தகுந்த ஒரே வழி இதுதான்.

ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறதே, அதுதான் ஆளை அசத்தும். ஷெல்லில் அலுமினியம் தவிர வேறு எந்த உலோகமும் இருக்கக் கூடாது. திருகு, வாஷர், அடிக் கம்பிகளை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள ஸ்ட்ரெயினர் எல்லாம் கழற்றலாம், சரி. கம்பெனி பெயர் பொறித்த பட்டயம்? அது காற்றுத் துளையில் மாட்டிய ஒரு சின்ன உலோகக் குழல் ரிவெட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். அதை உடைக்காமல் எடுக்க முடியாது. எடுக்காமல் தொட்டியில் இறக்கினால் அமிலமும் மின்சாரமும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும், சுற்றியுள்ள இடத்தில் தோலும் சரியாக வளராது. பட்டயத்தைப் பெயர்த்து மறுபடி பொருத்திய பழைய டிரம்மைச் சேகரிப்பாளர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். தவிர, ஒற்றை டிரம்முக்கு எந்தப் பட்டறைக்காரரும் தொட்டியைச் சூடாக்க மாட்டார். வேறு பெரிய ஆர்டர் வரும்வரை உங்கள் ஷெல் மூலையில் கிடக்கும். விற்கும் எண்ணமே இல்லாத, மனசுக்கு நெருங்கிய டிரம் என்றால் செய்யுங்கள்.

வெறும் அலுமினியம் என்றால் கதை வேறு

கல்யாண ஊர்வல பேண்டு செட் ஒன்று கலைந்தபோது ஒரு சைடு டிரம் என் கைக்கு வந்தது. அனோடைஸ் இல்லை, குரோம் இல்லை, வெறும் அலுமினியம். வியர்வை, மழை, மஞ்சள் தண்ணீர் எல்லாம் பட்டு வெந்நீர்ப் பானையின் உட்பக்கம் மாதிரிக் கறுத்திருந்தது. எந்த முறை நல்லது என்று ஊரே ஆளுக்கொன்று சொன்னதால், பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் ஷெல்லை நாலு பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு முறையாகச் செய்து பார்த்தேன்.

முதல் பங்குக்குப் புளி. எங்கள் அம்மா சொன்ன யோசனை. புளிக்குழம்பு வைத்த அலுமினியச் சட்டியின் உட்புறம் மட்டும் வெளுத்திருப்பதைப் பார்க்காத சமையலறை கிடையாது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். வெளிநாட்டுக்காரர்கள் அலுமினியப் பாத்திரத்தைக் கொதிக்கவைத்து வெளுக்க 'கிரீம் ஆஃப் டார்டார்' என்று ஒரு பொடியைச் சிபாரிசு செய்வார்கள், அதுவும் இதே அமிலத்தின் உப்புதான். கெட்டியாகக் கரைத்துப் பஞ்சில் தோய்த்துப் பத்து நிமிஷம் வைத்தேன். கறுப்பு நன்றாகவே இளகியது. ஆனால் வந்தது வெளுப்பு; பளபளப்பு வேறு விஷயம். பால் வெள்ளையாக, மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. அமிலம் அழுக்கைத் தின்னும், மேடுபள்ளத்தைச் சமப்படுத்தாதே.

இதில் ஒரு எச்சரிக்கை. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியோடு கல் உப்பைச் சேர்த்துத் தேய்ப்பது நம் வழக்கம். அலுமினியத்துக்கு அந்த உப்பு ஆகாது. உப்பில் இருக்கும் குளோரைடுதான் அலுமினியத்தின் ஆக்சைடு தோலைத் துளைத்து ஊசிக் குழி போடும் முதல் எதிரி. கடற்கரையோரம் வசிப்பவர்கள் டிரம்மை மூடிவைக்கச் சொல்வதும் இதனால்தான். விபூதி, அடுப்புச் சாம்பல் இரண்டும் வேண்டாம், சாம்பல் காரம். பல் விலக்கும் பேஸ்ட் பரவாயில்லை, ஆனால் ஒரு ஷெல்லுக்கு ஒரு ட்யூப் போகும், டிரம் புதினா வாசனை அடிக்கும்.

இரண்டாவது பங்குக்கு, பித்தளைக்குப் போடும் திரவ பாலிஷ். பிராஸோ எல்லோர் வீட்டிலும் இருக்கும். அம்மோனியா நெடியோடு துணியில் ஊற்றித் தேய்த்தால் துணி கறுத்துக்கொண்டே வரும். அரை மணி நேரத்தில் பழைய ஸ்டீல் டம்ளர் அளவுக்கு மின்னியது. கீறல்கள் எல்லாம் அப்படியே இருந்தன, மின்னும் கீறல்களாக. லக் ஓட்டைகளின் விளிம்பிலும் வரம்பின் பள்ளத்திலும் வெள்ளைப் பொடி படிந்து, அதை எடுக்கப் பல் துலக்கும் பிரஷ் தேவைப்பட்டது. அவசரத்துக்கு இது போதும். நாளைக்குக் கச்சேரி என்றால் நானே இதைத்தான் செய்வேன்.

மூன்றாவது பங்குக்கு வாட்டர் பேப்பரும் ஆட்டோசால் மாதிரியான பேஸ்ட் பாலிஷும். 600இல் தொடங்கி 1000, 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்ற வேண்டும். முந்தைய தாள் போட்ட கோடு முழுக்க அழிந்ததா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்த பிறகே அடுத்தது. ஒரு படியைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசிவரை பேய் மாதிரித் தொடரும். நான் 1000ஐத் தாண்டிப் பார்த்தேன், பேஸ்ட் போட்டபிறகு திரும்பவும் 1000க்கே வந்தேன். பேஸ்ட்டைத் துணியில் பட்டாணி அளவு எடுத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் முதலில் கறுப்புக் கூழ் வரும். பயந்து துடைத்துவிடக் கூடாது. அந்தக் கூழ்தான் வேலை செய்கிறது. அது காய்ந்து இழுக்கத் தொடங்கும்போது சுத்தமான துணியால் ஒரு துடைப்பு. அடியிலிருந்து என் மூக்கு தெரிந்தது! கால் பங்குக்கு மூன்று மணி நேரம். முழு ஷெல்லுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது பங்குக்குப் பாலிஷ் பட்டறை. எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி, கேட்டுக் குமிழ் எல்லாம் தீட்டும் இடம். பட்டறை அண்ணாச்சி ஷெல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இது மெல்லிசா இருக்கே தம்பி. அமுக்கினா வளையும். இரும்பு தீட்டுன வீல்ல இதை வைக்கவும் கூடாது, புதுத் துணி வீல் மாட்டணும்."

"மாட்டுங்க அண்ணாச்சி, காசு தர்றேன்."

"காசு கிடக்கட்டும். ஓரம் மழுங்கிச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

அஞ்சே நிமிஷம். மூன்று மணி நேரம் நான் பட்ட பாட்டைக் கேலி செய்கிற மாதிரி நாலாவது பங்கு கண்ணாடியானது. ஆனால் வரம்பின் பக்கத்தில் வீல் அழுந்திய இடத்தில் அலை அலையாக ஒரு நெளிவு, டியூப்லைட் வெளிச்சம் அதில் பாம்பாக ஓடியது. விளிம்பை நான் தடித்த டேப்பால் சுற்றிக் கொடுத்திருந்தேன், அதனால் பிழைத்தது. அந்த விளிம்பில்தான் குச்சியால் அடிக்கும் ஜவ்வு, அதாவது ஹெட், உட்காரும். அது ஓரிடத்தில் மழுங்கினாலும் சுருதி சேர்க்கும்போது அந்த லக் உங்களை அழவைக்கும். வீட்டிலேயே டிரில்லில் துணி வீல் மாட்டிச் செய்கிறவர்கள் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். நுண்ணிய அலுமினியத் தூள் தீப்பிடிக்கக் கூடியது, பக்கத்தில் இரும்பைக் கிரைண்டரில் வைத்துப் பொறி பறக்கவிடாதீர்கள்.

ஆக, நாலில் எது? வெறும் அலுமினிய ஷெல்லுக்கு என் ஓட்டு மூன்றாவதுக்கு, அதிலும் பாதியில் நிறுத்துவதற்கு. கண்ணாடிவரை போகாமல், பச்சை ஸ்காட்ச் பிரைட்டைத் தண்ணீரில் நனைத்து ஷெல்லைச் சுற்றி ஒரே திசையில் இழுத்துக் கோடு போட்டுவிட்டு, மேலே லேசாகப் பேஸ்ட். கோடு போட்ட பரப்பில் விரல் ரேகையும் தெரியாது, புதுக் கீறலும் தெரியாது. கண்ணாடிப் பரப்பில் ஒரு குச்சி உரசினாலும் ஊருக்கே தெரியும். இரும்புக் கம்பிநாரை மட்டும் தொடாதீர்கள். அதன் துணுக்குகள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப் புள்ளியாக எழும்பும், சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கும்.

அப்புறம், பளபளப்பை எத்தனை நாள் காப்பாற்றுவது? என் நாலு பங்கில் எதற்கும் மேலே ஒன்றும் போடாமல் விட்டிருந்தால் ஒரே மழைக்காலத்தில் நாலும் ஒரே நிறமாகியிருக்கும். ஒவ்வொரு பங்கிலும் பாதிக்கு மெழுகு போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாசம் கழித்துப் பார்த்தபோது மெழுகு போட்ட பாதிகள் தப்பித்திருந்தன. தெளிந்த லாக்கர் ஸ்பிரே அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. கண்ணாடி மாதிரி வழவழப்பான அலுமினியத்தில் லாக்கர் சரியாகப் பிடிக்காது. பாலிஷின் எண்ணெய்ப் பசை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் திருகு ஓட்டையில் கிளம்பும் அரிப்பு லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரிப் பரவும். அதைச் சரிசெய்ய லாக்கர் முழுவதையும் உரிக்க வேண்டும். மெழுகு என்றால் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். நான் மெழுகுக் கட்சி.

குரோம் பூசிய அலுமினியத்துக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே வழி குறைவு. பழைய சுப்ரஃபோனிக்குகளில் குரோமில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிவிழுவதும், செதில் செதிலாகப் பெயர்வதும் ஊரறிந்த நோய். குரோமில் விழுந்த ஊசித்துளை வழியாக வியர்வையும் ஈரமும் இறங்கி, அடியில் இருக்கும் அலுமினியத்தை அரித்து, வெள்ளைப் பொடியாக ஊதித் தள்ளும். துளையில்லாத இடத்தை ஈரத் துணியால் துடைத்து மெழுகு போடலாம். துளை விழுந்த இடத்தை எந்தப் பாலிஷும் நிரப்பாது. தேய்க்கத் தேய்க்க விளிம்பு பெயரும். மறுபடி குரோம் போடுவது அலுமினியத்தில் சிரமமான வேலை, அடியில் துத்தநாகம், அதன்மேல் செம்பு, நிக்கல் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும், செலவில் இன்னொரு டிரம் வாங்கலாம். சிலர் குரோமை முழுக்க உரித்து வெறும் அலுமினியமாக வைத்துக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஏற்கெனவே பாதி பெயர்ந்த ஷெல் என்றால் நானும் தடுக்க மாட்டேன். தழும்போடு அப்படியே வாசிப்பவர்கள்தான் அதிகம். சத்தத்தில் எனக்கு வித்தியாசம் கேட்டதில்லை.

லக்குகளையும், ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையமான ரிம்மையும் அலுமினியம் என்று நினைத்து வாட்டர் பேப்பரோடு கிளம்ப வேண்டாம். பெரும்பாலான டிரம்களில் லக் துத்தநாக வார்ப்பு, ரிம் இரும்பு, இரண்டுக்கும் மேலே குரோம். ரிம்மைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

டிரம்மில் செய்வதை மற்ற வாத்தியங்களில் செய்துவிடாதீர்கள். குச்சியால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனின் உலோகக் கட்டைகள் 1927இல் டீகன் கம்பெனி கொண்டுவந்த வடிவத்திலிருந்து இன்றுவரை அலுமினியக் கலவைதான். அவற்றில் தேய்ப்பது என்றால் சுருதியில் கை வைப்பது. நடுவில் அடிப்பக்கம் உலோகம் குறைந்தால் சுருதி இறங்கும், முனைகளில் குறைந்தால் ஏறும். அங்கே ஈரத் துணிக்கு மேல் எதுவும் கூடாது. அதே 1927இல் நேஷனல் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ரெசனேட்டர் கிதாரின் உள்ளே இருக்கும் அலுமினியக் கூம்பு காகிதம் மாதிரி மெல்லியது. அது கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும், விரலால்கூட அழுத்தாதீர்கள்.

பையனின் டிரம்முக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. பட்டறைக்குக் கொடுத்தால் ஜனவரியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கண்ணாடிப் பாலிஷ் போட்டால் கோடு அழியும், அதுவும் போக மாசாமாசம் மெழுகு போட்டுப் பராமரிக்க ஆள் வேண்டும். டிரம்மை மூடிவைக்கவே மறந்த கோவிலில் அதை யார் செய்வது? எட்டு லக்கையும் கழற்றி ஷெல்லைக் குளிப்பாட்டினோம். தோல் போன பாதியில் அவனே ஸ்காட்ச் பிரைட்டால் வட்டத் திசையில் கோடு இழுத்தான். கம்பிநார்க் கீறல்கள் அந்தக் கோடுகளுக்குள் கலந்து அடங்கின. நிறம் மட்டும் சேரவில்லை, அந்தப் பக்கம் ஒரு சாயல் வெளுப்பு. மொத்தத்துக்கும் இரண்டு கோட் மெழுகு.

பிறகு ஸ்டாண்டில் வைத்துத் திருப்பிப் பார்த்தோம். பட்டயம் சபையைப் பார்க்க, வெளுத்த பாதி வாசிப்பவன் வயிற்றுப் பக்கம் வரும்படி வைத்தால் ஸ்ட்ரெயினர் கைப்பிடி இடது முழங்காலுக்கு அருகில் இல்லாமல் வலது பக்கம் போகிறது.

"பரவாயில்லண்ணே, நான் வலது கையாலயே ஆஃப் பண்ணிக்குவேன்."

"அதுக்குக் குச்சியை எங்க வைப்ப?"

கொஞ்ச நேரம் யோசித்தான். பாட்டு நடுவில் ஸ்னேரை ஆஃப் செய்யும் இடம் மொத்தம் ஒன்றே ஒன்றுதானாம், அந்தச் சரணத்தில் வலது கைக்கு வேலை இல்லையாம். போகும்போது ஒரு பழைய படுக்கை விரிப்பையும் கொடுத்தனுப்பினேன், அடுத்த வருஷம் வெள்ளையடிக்கும்போது மூடுவதற்கு.